ஒத்தை வரிசை

கோவில்பட்டியில் கார் வைத்திருந்த எல்லோருடைய பானட்டிலும் அந்த அம்மா ஒரு தடவையாவது தட்டியிருப்பார். கையால் அல்ல, சுருட்டிய சிவப்புக் கொடியின் கம்பால். டொக், டொக் என்று இரண்டு தட்டு. மூன்றாவது கிடையாது. தட்டிவிட்டு, காருக்குள் இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் முன் டயரைப் பார்த்துச் சொல்வார்.

“பின்ன எடுங்க.”

ரயில்வே கேட்டில் வேலை பார்த்தார். ஊரில் அவரைக் கேட்டம்மா என்பார்கள். அந்தக் காலத்தில் நான் ‘அவள்’ என்றுதான் சொல்லுவேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கேட் அடைத்திருக்கும்போது நம் ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் வந்தவன் இடது பக்கம் நிற்பான். நாலைந்து வண்டி அவன் பின்னால் நிற்கும். ஆறாவதாக வருகிறவனுக்குப் பொறுக்காது. வலது பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது என்று ஏறி, கேட் கம்பிக்கு முன்னால் போய் மூக்கை வைத்து நிற்பான். அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. ரயில் போய்க் கேட் திறந்ததும் இந்தப் பக்கத்து ரோடு முழுவதும் அந்தப் பக்கத்து ரோடு முழுவதற்கும் நேருக்கு நேர் நிற்கும். ஒருவனும் நகர முடியாது. எல்லோரும் ஹாரனை அழுத்துவார்கள். எதிரில் இருப்பவன்தான் அறிவு கெட்டவன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

கேட்டம்மா அப்படித் திறக்க மாட்டார். ரயில் போன பிறகும் கம்பி கீழேதான் இருக்கும். கொடியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவார். வலது பக்கம் நிற்கும் ஒவ்வொரு வண்டியையும் தட்டுவார். எல்லா வண்டியும் பின்னால் போய் இடது பக்கம் ஒற்றை வரிசையில் சேர வேண்டும். பிறகு தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கமும் தட்டுவார். இரண்டு பக்கமும் வரிசை ஆன பிறகுதான் கைப்பிடியைச் சுற்றிக் கம்பியைத் தூக்குவார். இதுதான் அவர். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை.

நான் பழைய கார் வாங்கி விற்கிறவன். தொண்ணூறுகளின் நடுவில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சென்னையில் ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் லோன் போட்டுப் புதுக் கார் எடுக்க ஆரம்பித்த நேரம். அவர்களுடைய பழைய கார் நமக்குக் கிடைக்கும். ரயிலில் போய் வண்டியைப் பார்த்து வாங்கி, விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். நம் ஊரில் அதற்கு மதிப்பு உண்டு. ‘மெட்ராஸ் நம்பர்’ என்று சொல்லி வாங்குவார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, அந்தக் கேட் வழியாகத்தான் பாதிப் பேர் வீட்டுக்குப் போவார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ்கள் இருந்தன. புதிதாகப் பிளாட் போட்ட இடங்கள் இருந்தன. என் வீடும் அங்கேதான்.

முதலில் கேட்டில் நிற்கிற காரைப் பார்த்தால் யாருடையது என்று சொல்லிவிடலாம். டாக்டர் கார், மில் மேனேஜர் கார், பஸ் முதலாளி வீட்டுக் கார். பிறகு நான் விற்றது எது, விற்காதது எது என்று மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

என்னை அவர் முதலில் தட்டியது ஒரு வெள்ளை எண்ணூறு சி.சி. காரில் இருந்தபோது. ஒரு கடைக்காரருக்குக் கொடுக்கக் கொண்டுபோனேன். மாலைகூட வாடவில்லை. இடது பக்கம் ஒரு டிராக்டரும் இரண்டு லோடு ஆட்டோவும் நின்றன. நான் வலது பக்கம் ஏறிக் கம்பிக்கு முன்னால் போய் நின்றேன்.

டொக், டொக்.

“ஏம்மா, புது வண்டி. கோடு விழுந்தா யாரு பதில் சொல்ல?”

“இது யாரு நிக்கிற எடம்?”

“ரோடுதான?”

“எதுத்தாப்புல வாரவன் எங்கன போவான்?”

“அவன் ஒதுங்கிப் போவான்.”

“அவனும் அங்கன நின்னுக்கிட்டு இதத்தான் சொல்லுதான். பின்ன எடுங்க.”

நான் எடுக்கவில்லை. ரயில் போயிற்று. அவர் கேட் ரூம் படியில் உட்கார்ந்து, சுளகில் கிடந்த உளுந்தில் கல் பொறுக்க ஆரம்பித்தார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் இறங்கி வந்தான்.

“ரயிலு போயிருச்சுல்லா? கேட்டத் தொறங்கம்மா.”

“ரயிலு போயிருச்சு. நீங்க எங்க போவப் போறீய? முன்னால ஒரு மாப்பிள்ளை மாலையோட நிக்காரு பாருங்க. அவரு எறங்குற வரைக்கும் கல்யாணம் முடியாது.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் பல வருஷம் இருந்தது. ஒரு பொம்பளை, அதுவும் கேட் திறக்கிறவள், கொடிக்கம்பால் காரைத் தட்டிச் சொல்லி, நான் பின்னால் எடுத்தேன் என்கிற கோபம். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு தடவை தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் கண்ணாடியை இறக்கி, “நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டார். அவரிடம் அந்தப் பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் வேலை பார்த்தார்கள்.

“தெரியுது அண்ணாச்சி” என்றார் கேட்டம்மா. “ரயிலுக்குத் தெரியாதுல்லா?”

முதலாளி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பின்னால் எடுத்தான். அந்த டிரைவர் சிரிப்பை அடக்கியதால் வேலை போகாமல் தப்பித்தான்.

கேட் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. எட்டு நாளுக்கு ஒரு தடவை, சில சமயம் பத்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். எப்போது வரும் என்று தெரியாது. பெண்கள் காலையிலேயே குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பகல் முழுவதும் வெயிலில் நிற்கும். ஆள் இருக்காது. ஒரு குடம்கூட முன்னால் ஏறாது. கேட்டம்மாவின் பார்வை அதன்மேலும் இருக்கும்.

அவர் கார்க்காரர்களுக்கு அந்தக் குடங்களைக் காட்டுவார்.

“அந்தா பாருங்க. உள்ள ஒண்ணுமில்லாத வெறுங்குடம். அதுக்குத் தெரியுது எங்கன நிக்கணும்னு. உள்ள ஆளு இருந்தும் உங்களுக்குத் தெரியலயே.”

அந்த வரிசையில் என் வீட்டுக்காரியின் பச்சைக் குடமும் இருக்கும். அப்படித்தான் இரண்டு பேருக்கும் பழக்கம். அவர் இவளைத் தங்கச்சி என்பார். இவள் அவரை அக்கா என்பாள். கேட்டம்மாவின் புருஷன் ரயில்வே லைனில் வேலை பார்த்தவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார், அதற்குப் பதிலாகத்தான் இவருக்கு இந்த வேலை என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

முதல் வருஷம் கேட்டம்மாவும் எல்லோரையும் போலத்தான் திறந்தாராம். ரயில் போனதும் கம்பியைத் தூக்கிவிடுவார். சட்டம் அதுதான். ஒருநாள் அப்படித் திறந்ததில் என்ன ஆனது என்று அவர் குழாயடியில் சொன்னதை, என் வீட்டுக்காரி அவர் பேசுகிற மாதிரியே என்னிடம் சொன்னாள்.

“ஒரு டிராக்டரும் ஒரு அம்பாசடரும் தண்டவாளத்து மேல மூக்கோட மூக்கு முட்டிக்கிட்டு நிக்கி. பின்னால ரெண்டு பக்கமும் அடைச்சுக் கெடக்கு. டேசன்ல இருந்து போனு. அடுத்த வண்டி வருது, கேட்ட அடைச்சாச்சாம்மாங்காவ. நா அடைச்சாச்சுன்னு சொன்னாத்தான் அங்கன கைகாட்டி எறங்கும். நா என்னத்தச் சொல்ல? அடைக்க முடியலைய்யான்னேன். ரயிலு அங்கிட்டு வந்து நின்னுக்கிட்டு ஊதுது. நா கொடியப் பிடிச்சிக்கிட்டுத் தண்டவாளத்துல நிக்கேன். அந்த அம்பாசடர்காரன் என்னையப் பாத்து ஹாரன் அடிக்கான், வழிய விட்டு வெலகணுமாம்.”

ரயில் நின்றதற்கு இவரிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்கினார்களாம். அதற்குப் பிறகுதான் கொடிக்கம்பை எடுத்தார்.

என் வீட்டுக்காரி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சென்னையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கார் வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது கிளட்ச். சென்னைக் காரில் டயர் நன்றாக இருக்கும், என்ஜின் நன்றாக இருக்கும், கிலோமீட்டர் குறைவாக இருக்கும். கிளட்ச் மட்டும் தேய்ந்து போயிருக்கும். ஓடித் தேய்ந்தது இல்லை. முதல் கியரில் பத்து அடி போய், நின்று, மறுபடி பத்து அடி போய், நின்றே தேய்ந்தது. ஒரு கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தால் இந்த வண்டி அங்கே எந்த மாதிரி ரோட்டில் கிடந்தது என்று நான் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் சென்னையில் வண்டி விற்கிறவரோடு அவர் காரிலேயே போனேன். ஒரு பாலத்துக்கு அடியில் முக்கால் மணி நேரம் நின்றோம். பக்கத்துக் காரில் ஒருவர் தாடியை வழித்துக்கொண்டிருந்தார். இன்னொரு காரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை டிபன் சாப்பிட்டது. முக்கால்வாசிக் கார்களில் ஒற்றை ஆள். எல்லோர் முகமும் ஒரே மாதிரி இருந்தது. கோபம்கூட இல்லை. பழகிப்போன முகம். நான் பேச்சுக்காக, எங்கள் ஊர்க் கேட்டில் இப்படி ஒரு அம்மா இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

“அந்தம்மாவ இங்க அனுப்பி வைங்க சார். ஒரே நாள்ல வேலைய விட்டுட்டு ஓடிடுவாங்க.”

நானும் சிரித்தேன். அவருடைய காரை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் விட்டேன். அதற்குப் பதிலாக அவர் புதுக் கார் எடுத்தார். அங்கேயும் குறையவில்லை. இங்கேயும் கூடியது. இதில் கணக்குப் போட ஒன்றுமில்லை. நான் செய்தது அதுதான்.

மனு எழுதியது நான். அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள், கடைக்காரர்கள், பிளாட்டுக்காரர்கள் எல்லோரும் என் கடைக்கு வந்து எழுதச் சொன்னார்கள். எல்லோரும் என்னிடம் கார் வாங்கியவர்கள். ரயில் போன பிறகும் கேட்டை வேண்டுமென்றே திறப்பதில்லை. பொதுமக்களின் வாகனங்களைக் கம்பால் தட்டுகிறார். மரியாதையில்லாமல் பேசுகிறார். எங்கள் நேரம் வீணாகிறது. மனுவில் ஒரு பொய்கூட இல்லை. எல்லாம் உண்மை. சட்டப்படி பார்த்தால் அவர் செய்ததுதான் தப்பு. எழுதியவன் என்பதால் முதல் கையெழுத்தை நானே போட்டேன்.

வீட்டில் சொன்னபோது அவள் கேட்டாள்.

“அந்தக்கா என்ன தப்பு செஞ்சிச்சு?”

“வண்டியத் தட்டுதா. ரயிலு போன பொறவும் கேட்டத் தொறக்க மாட்டேங்கா.”

“தொறந்தா மட்டும் நீங்க பறந்துருவீயளோ?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ கார் ஓட்டுதியா?”

“நா ஓட்டல. அந்தக்கா இருக்கங்காட்டி நாம நேரத்துக்கு வீடு வந்து சேருதோம். அது தெரியும். அந்த வேலைய நம்பித்தான் அது இருக்கு. தூக்கி எங்கயாவது போட்டுட்டா அது எங்கன போவும்?”

“வேலையா போவப்போவுது? வேற கேட்டுக்கு மாத்துவான். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் எனக்குச் சோறு போட்டதும் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் மாற்றிவிட்டார்கள். எந்தக் கேட்டுக்கு என்று நான் விசாரிக்கவில்லை. ஒரு சின்ன டெம்போவில் ஒரு கட்டில், ஒரு பீரோ, சில குடங்கள் போனதைக் கடை வாசலில் நின்று பார்த்தேன். டெம்போ டிரைவருக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு மாட்டு வண்டி போனது. டெம்போக்காரன் வலது பக்கம் ஏற்றப் பார்த்தான். அவர் ஏதோ சொன்னார். அவன் மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே போனான்.

புதிதாக வந்தவர் நல்ல மனிதர். ரயில் போனதும் கம்பியைத் தூக்கிவிடுவார். வெளியே வந்து யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது வாரம் கேட் திறந்து கால் மணி நேரம் ஆகியும் யாரும் தாண்டவில்லை. ஒரு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் கடலைமிட்டாய், வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். நிற்கிற காருக்குள் கையை விட்டுக் கொடுப்பார்கள். நல்ல வியாபாரம்.

குழாயடியில் குடங்கள் மட்டும் அதே மாதிரி வரிசையில் நின்றன.

ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போயிருக்கும். நான் விற்ற ஒரு வண்டி திரும்ப என்னிடமே விற்பனைக்கு வந்தது. என் மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, இது இப்ப வந்த மெட்ராஸ் வண்டியா?”

“இல்லலே. புது கிளட்ச் போட்டுக் குடுத்த வண்டி. அதுல இருந்து இங்கனதான் ஓடுது.”

“இங்கன ஓடுன வண்டியா? கிளட்ச் பிளேட்டப் பாருங்க. காயிதம் மாதிரி இருக்கு.”

கையில் வாங்கிப் பார்த்தேன். சென்னை பிளேட் மாதிரியே இருந்தது. வேறு பிளேட் போடச் சொன்னேன். நானும் அப்போது அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட் கட்டுவதற்குச் செங்கல் இறக்கியிருந்தேன். ஒரு மாதமாகக் கிடந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரி துணி காயப்போட்ட கொடியின் கம்புக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லை எடுக்கப் போனாள். கையில் கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். அது அடுக்குக்குள் நுழைந்ததை நானும் பார்த்தேன்.

ஆம்னி வேன் வாசலில் நின்றது. உடனே ஏற்றினேன். நேரம் தவறவில்லை. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி ஊருக்குள் ஒரு மைல்கூட இருக்காது. கேட்டுக்கு வந்தபோது ரயில் போய்க்கொண்டிருந்தது. போய் முடிந்தது. கம்பி மேலே போனது. ஒரு வண்டியும் நகரவில்லை. நாங்கள் வலது பக்கம் நின்றோம். நான்தான் வலது பக்கம் ஏற்றினேன். அவசரம் அல்லவா?

நான் இறங்கி ஓடினேன். முன்னால் நின்ற கார்களைக் கையால் தட்டினேன்.

“பின்ன எடுங்கய்யா. பாம்பு கடிச்சிருக்கு. பின்ன எடுங்க.”

“எப்படி அண்ணாச்சி எடுக்க? பின்னால பாருங்க” என்றார் ஒருவர். அவருக்கு நான்தான் கார் விற்றேன். அவர் சொன்னது நியாயம்தான். அவர் பின்னால் இடமே இல்லை.

இன்னொருவன் கண்ணாடியை இறக்கினான். “யோவ், பானட்ட ஏன்யா தட்டுத?”

அந்தப் பக்கம் ஓடினேன். அங்கேயும் அதே. கேட்டுக்காரர் மேலே தூக்கிய கம்பிக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரால் என்ன செய்ய முடியும்? திரும்ப வண்டிக்கு வந்தேன். முன்னால் ஒரு பத்தடி இடம் கிடைத்தது. போனேன். நின்றேன். கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு ஆறடி.

அவள் பின் சீட்டில் படுத்திருந்தாள். கை முழங்கை வரை வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

“கேஸ மூடினேனா?” என்று கேட்டாள்.

“மூடிட்ட” என்றேன். நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். “பால் வச்சேன். கேஸ மூடினேனா?”

“மூடிட்ட, மூடிட்ட.”

எங்களுக்குப் பக்கத்தில் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. தீப்பெட்டி ஆபீஸ் விட்ட பெண்கள் நடந்து போனார்கள். மூட்டை ஏற்றிய ஒரு மூன்று சக்கர வண்டி, கார்களுக்கு நடுவே நெளிந்து, கம்பிக்குக் கீழே புகுந்து, தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தாண்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றவே நாற்பது நிமிடம் ஆனது. காருக்குள் இருக்கிறவனுக்கு அது தோன்றாது. வண்டி எப்போது நகரும் என்றுதான் தோன்றும்.

தோன்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடினேன். கார்களின் கண்ணாடியெல்லாம் என் முழங்கையில் இடித்தது. கேட்டைத் தாண்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆட்டோக்காரன் கூப்பிடாமலே வந்து ஏற்றிக்கொண்டான்.

“கொஞ்சம் முன்னாலயே கொண்டாந்திருக்கணும்” என்றார் டாக்டர். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ.

மறுநாள் வீட்டில் எல்லோரும் இருந்தபோது அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். கேஸ் மூடித்தான் இருந்தது. பால் திரிந்து கிடந்தது. செங்கலை யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள். ஷெட் கட்டவில்லை. சங்கத்துக்காரர்கள் எல்லோரும் அவள் கேதத்துக்கு மாலையோடு வந்தார்கள். கேட் அடைப்பில் மாட்டிக்கொண்டு வரத் தாமதமாகிவிட்டது என்றார்கள்.

இன்னும் அதே தொழில்தான் பார்க்கிறேன். வேறு தொழில் தெரியாது. அவள் போய் மூன்று வருஷம் கழித்துப் புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருக்கிற ஒருவருக்கு வண்டி காட்டப் போனேன். வழி தெரியாமல் ஒரு குறுக்கு ரோட்டில் ஏறிவிட்டேன். இரண்டு பக்கமும் கரிசல். உளுந்து எடுத்துவிட்ட காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. ஒரு கேட் வந்தது. அடைத்திருந்தது. வலது பக்கம் ஒரு வேப்பமரம் நின்றது. வெயிலுக்காக அதன் நிழலில் போய், கம்பிக்கு முன்னால் நிறுத்தினேன்.

டொக், டொக்.

“பின்ன எடுங்க.”

டயரைப் பார்த்துத்தான் சொன்னார். தலை நரைத்திருந்தது. கொடி வெளுத்துப் போயிருந்தது.

“எதுத்தாப்புல ஒருத்தரும் இல்லையேம்மா” என்றேன்.

“வந்தா?”

பின்னால் எடுத்தேன். இடது பக்கம் வெயிலில் நிறுத்தினேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“கோவில்பட்டி அண்ணாச்சில்லா? கார் யாவாரம்?”

“ஆமா.”

“மனுவக் காட்டித்தான் எங்கிட்ட விளக்கம் கேட்டாவ. மொதப் பேரு உங்களுதுதான்.”

“ஆமா.”

“எழுதினதும் நீங்கதானோ? எழுத்து முத்து முத்தா இருந்துச்சு.”

“ஆமா.”

“பொய்யி ஒண்ணும் எழுதல. நா தட்டத்தான செஞ்சேன்.”

ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவர் போய்ப் பச்சைக் கொடியைப் பிடித்து நின்றார். ரயில் போகிற வரைக்கும் அதன் பக்கமே பார்த்தார். போன பிறகு கைப்பிடிக்குப் போகாமல் என்னிடம் திரும்பி வந்தார்.

“தங்கச்சி நல்லாருக்காளா?”

“நல்லாருக்கா” என்றேன்.

“நா கெளம்புன அன்னைக்கு வழிக்குத் தண்ணி வேணும்னு ஒரு குடம் கொண்டாந்து டெம்போவுல வச்சா. உங்ககிட்டச் சொல்லலன்னா.”

எனக்குத் தெரியாது. நான் கடை வாசலில் நின்றுதான் அந்த டெம்போவைப் பார்த்தேன்.

“அந்தப் பச்சைக் குடம் இங்கனதான் கெடக்கு. நிக்கியளா, எடுத்துத் தாரேன். கொண்டுபோய்க் குடுங்க.”

“இருக்கட்டும்மா. நீங்களே வச்சிக்கிடுங்க.”

“அது எப்படி? அவ தேட மாட்டாளா?”

“தேட மாட்டா.”

அவர் மறுபடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்க் கைப்பிடியைச் சுற்றினார். கம்பி மேலே போனது. எதிரே யாரும் வரவில்லை. இரண்டாவது கியர் போடுவதற்குள் தாண்டிவிட்டேன்.